இடுப்புச் சாவி

எதிர்ச் சலவைக்கூடத்து ஆட்கள் திபுதிபுவென்று என் கடைக்குள் ஓடி வந்தபோது நான் ஒரு கால்சட்டையின் இடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. ஒருத்தர் கையிலும் குடை இல்லை.

“டைலரக்கா, போனு! போனைக் குடுங்க!” என்றாள் இஸ்திரியம்மா. அவளுக்கு மூச்சு வாங்கியது.

“என்னம்மா ஆச்சு?”

“மொதலாளி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்துட்டாரு. ஆம்புலன்சைக் கூப்பிடணும்.”

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. துணியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, போனில் பேசிக்கொண்டே தெருவைத் தாண்டி ஓடினேன். பேசி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

“ஏம்மா, உங்க ஒருத்தர்கிட்டயும் போன் இல்லையா?”

“இருக்கு. பெட்டிக்குள்ள இருக்கு.”

“தெறக்க வேண்டியதுதானே!”

“சாவி அவர் இடுப்புல இருக்கு.”

உள்ளே போய்ப் பார்த்தால், ஈரச் சிமெண்டுத் தரையில் மனுஷன் ஒருக்களித்துக் கிடக்கிறார். முகம் சாம்பல் பூத்திருக்கிறது. இடுப்பில் சாவிக்கொத்து அப்படியே தொங்குகிறது. வாஷிங் மெஷின் ஓட்டுகிறவர் அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார். மடிக்கிற பெண்கள் ரெண்டு பேரும் அழுகிறார்கள். பின்னால் இஸ்திரி ரோலரில் ஒரு பெட்ஷீட் மாட்டிக் கருகிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்தவும் ஆளில்லை, ஏனென்றால் சுவிட்சுப் பெட்டிக்கும் பூட்டு, அந்தச் சாவியும் அதே கொத்தில். இத்தனை பேர் சுற்றி நிற்கிறார்கள், குனிந்து அந்தக் கொத்தை எடுக்க ஒருத்தருக்கும் கை வரவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “மனுஷன் உசுருக்குப் போராடிக்கிட்டு இருக்காரு, நீங்க சாவிக்கு மரியாதை குடுத்துக்கிட்டு நிக்கிறீங்களா?” என்று கத்திக்கொண்டே கொத்தைப் பிடுங்கி மெஷின்காரரிடம் எறிந்தேன். அவர் அதைப் பிடித்துவிட்டு, சுட்டுவிட்ட மாதிரி இன்னொரு கைக்கு மாற்றினார். அப்புறம்தான் ஓடிப்போய் ரோலரை நிறுத்தினார்.

முதலாளிக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் கிலுகிலுப்பை. நேரில் அண்ணன், முதலாளி எல்லாம் உண்டு. முதுகைத் திருப்பினால் கிலுகிலுப்பைதான். நடந்தால் இடுப்புச் சாவி குலுங்கும். அந்தச் சத்தம் கேட்டதும் கூடத்தில் பேச்சு கப்சிப்பென்று நின்றுவிடும். சோப்புத்தூள் அலமாரிக்குப் பூட்டு, வெளுப்பு மருந்துக்குப் பூட்டு, ஊசிநூல் டப்பாவுக்குக்கூடப் பூட்டு. கக்கூசுக்கும் பூட்டுதான். போக வேண்டும் என்றால் அவர் முன்னால் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும். அவர் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கழற்றுவார். துணி வண்டி ஓட்டுகிற வேன்காரர் சொல்வார், “எனக்கு வயித்தைக் கலக்கினா நான் ஆஸ்பத்திரி டெலிவரிக்குக் கெளம்பிடுவேன் டைலரக்கா. அங்கதான் கதவு தெறந்தே கெடக்கும்.”

காலையில் வந்ததும் எல்லார் போனையும் வாங்கி ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டுவார். சாயங்காலம் திருப்பிக் கொடுப்பார். மடித்த பெட்ஷீட்டை எடுத்து மூலையைப் பிடித்து உதறி, “மறுபடி மடி” என்பார்.

கெட்ட மனுஷன் என்று நான் சொல்ல மாட்டேன். சம்பளம் ஒரு நாள் தள்ளிப் போனதில்லை. யாருக்காவது காய்ச்சல் என்றால் அவரே போய் மாத்திரை வாங்கி வருவார். ஆனால் அந்த மாத்திரையை அவர் கண் முன்னால் விழுங்க வேண்டும்.

கூடப் பிறந்த தம்பியோடு சேர்ந்துதான் கூடத்தை ஆரம்பித்தார். தம்பி பெரிய வாடிக்கைகளைச் சத்தமில்லாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பக்கத்துத் தெருவில் தனியாகக் கடை போட்டுவிட்டான். முதல் பூட்டு அதற்கப்புறம் வாங்கியது. மற்றப் பூட்டெல்லாம் அது போட்ட குட்டி.

ஒரு தடவை ஹோட்டல் துவாலை ஒன்று குறைந்துவிட்டது. வீட்டுக்குக் கிளம்பிய இஸ்திரியம்மாவை வாசலில் நிறுத்தி, அவள் பையை வாங்கித் தெருவிலேயே கொட்டிப் பார்த்தார். சீப்பு, மாத்திரை அட்டை, மாற்றுச் சேலை எல்லாம் விழுந்தது. சாப்பாட்டு டப்பா உருண்டுகொண்டே என் கடை வாசலுக்கு வந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. மறுநாள் டிரையரைத் துடைக்கும்போது அந்தத் துவாலை உள்ளே விளிம்பில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிரையருக்கும் ஒரு பூட்டு வாங்கிப் போட்டார். இஸ்திரியம்மாவும் ஒன்றும் கேட்கவில்லை. வந்தாள், ரோலர் முன்னால் நின்றாள், வேலையைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் அவரைப் பிழைக்க வைத்து அனுப்பினார்கள். வீடு கூடத்துக்கு மேலேயே மாடியில். படுக்கையில் கிடந்தாலும் தரை வழியாக எல்லா மெஷினும் கேட்கும். டாக்டர் தீர்த்துச் சொல்லிவிட்டார்: இன்னொரு தடவை வந்தால் எங்கள் கையில் இல்லை. ஒரு மாசத்துக்குப் படி இறங்கக் கூடாது, கத்தக் கூடாது, கவலைப்படக் கூடாது.

“மொத ரெண்டையும் நான் பாத்துக்குவேன் டைலரு,” என்றாள் அண்ணி. அவர் பெண்சாதியை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவது. “கவலைக்கு எங்க போறது? அது அவர் கூடப் பொறந்தது.”

இப்படிச் சொல்லிவிட்டு என் கடையில் தொங்கிய குட்டிக் கவுனைத் தொட்டுப் பார்த்தாள். அவள் தங்கை மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அதற்காக அண்ணி துணி வாங்கிக் கொடுத்துத் தைக்கச் சொன்னது. போய்ப் பார்க்கத்தான் முடியவில்லை. அவர் கடையை விட்டு நகர மாட்டார், அவரை விட்டு இவள் நகர முடியாது. வந்து வந்து, “குழந்தை வளந்திருக்கும், கொஞ்சம் பெருசாக்கு” என்பாள். நானும் பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். இனி பிரிக்கத் துணி இல்லை.

மறுநாள் அவரைப் பார்க்க மாடிக்குப் போனேன். உப்பில்லாமல் வேகவைத்த காயும் ரெண்டு துண்டு ரொட்டியும் தட்டில் அப்படியே இருந்தன.

“வைக்கோல்,” என்றார் என்னைப் பார்த்து. அப்புறம் அண்ணி பக்கம் திரும்பினார். “சாவி எங்க?”

“இருக்கு.”

“இருக்குன்னா? எங்க இருக்கு?”

“பூட்டுல.”

“எந்தப் பூட்டுல?”

“எல்லாப் பூட்டுலயும். காலையில போயி எல்லாத்தையும் தெறந்து, சாவிய அதது பூட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன்.”

அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். அண்ணி தடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றாள்.

“எந்திரிங்க. எறங்கிப் போங்க. போயி எல்லாத்தையும் பூட்டிட்டு அங்கயே விழுங்க. இந்தத் தடவையும் சுத்தி நின்னு பாப்பாங்க.”

“பொறுப்பில்லாத ஜனங்க. ஒரு சாவிய எடுக்கத் தெரியல.”

“தெரியாமயா நின்னாங்க? பயந்து நின்னாங்க.”

“பயம் இருக்கணும்டி. பயம் விட்டுப்போனா எல்லாம் போச்சு.”

“அவங்க பயந்ததுலதான் நீங்க போகப் பாத்தீங்க. நானும் அப்ப வீட்டுல இல்ல. டைலரு மட்டும் அன்னிக்குக் கடைய மூடியிருந்தா...” அண்ணிக்குக் குரல் உடைந்துவிட்டது. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். “எனக்கு நீங்க வேணும். சாவி வேணாம்.”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே சொன்னார். “டாக்டர் சொன்ன மாசம் முடியற வரைக்கும் கெடக்கேன். ஆனா ஆஸ்பத்திரித் துணி ஒரு நாள் தவறினா நான் எறங்கிடுவேன். அப்புறம் யார் சொன்னாலும் கேக்க மாட்டேன்.”

“தவறாது.”

“தவறும்,” என்றார்.

ஆஸ்பத்திரி பெட்ஷீட் நேரத்துக்குப் போவதில்தான் அந்த ஆளின் உசுரு இருக்கிறது என்று அண்ணிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கீழே இருக்கிறவர்களிடம் அண்ணி அதை மறைக்கவும் இல்லை. எல்லாரையும் கூப்பிட்டு உள்ளதை உள்ளபடி சொன்னாள். “எனக்கு இந்த வேல தெரியாது. உங்களுக்குத் தெரியும். உங்க மனசுக்குச் சரின்னு படறதைச் செய்ங்க. தப்பு நடந்தா மறைக்க மட்டும் மறைக்காதீங்க. நான் கத்த மாட்டேன்.”

அவர்கள் தலையாட்டினார்கள். நம்பவில்லை என்று மூஞ்சியிலேயே எழுதியிருந்தது.

அடுத்து நடந்த கூத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பூட்டு திறந்து கிடக்கிறது, மாடிப்படியில் மட்டும் கூட்டம் குறையவில்லை. “அண்ணி, சோப்புத்தூள் எடுத்துக்கலாமா?” “அண்ணி, ரோலரை நிறுத்தலாமா?” “அண்ணி, தலையணை உறைய மொதல்ல போடவா, பெட்ஷீட்டை மொதல்ல போடவா?” மெஷின்காரர் மலை மாதிரி ஆள், மூச்சிரைக்கப் படியேறி வந்து வாசலில் நெளிந்தாராம்.

“என்னண்ணே?”

“கக்கூஸ் போகணும்.”

“தெறந்துதானே கெடக்கு?”

“இல்ல, சொல்லிட்டுப் போகலாமேன்னு.”

அண்ணி என் கடையில் வந்து பொத்தென்று உட்கார்ந்தாள். “அத்தனை பூட்டையும் தெறந்துட்டேன் டைலரு. இவங்க தெறக்க மாட்டேங்குறாங்களே, என்ன பண்ண?”

“வருஷக்கணக்கா பூட்டி வச்சதை நேத்துதானே அண்ணி தெறந்தீங்க? கொஞ்சம் பொறுங்க,” என்றேன். எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான்.

எல்லாரும் யோக்கியமாக இருந்துவிடவும் இல்லை. மடிக்கிற பெண்களில் சின்னவள், போன் கைக்கு வந்ததும் காலையெல்லாம் தன் அம்மாவோடு பேசிக்கொண்டே இருந்தாள். துவாலை குவிந்து அவள் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. அண்ணி பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை, நான்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் இஸ்திரியம்மா ரோலரை நிறுத்திவிட்டு வந்தாள்.

“உங்கம்மா எங்கயும் ஓடிப் போகலடி. இந்தத் துணிதான் சாயங்காலம் போகணும். போகலேன்னா அவர் எறங்கி வருவாரு. எறங்கி வந்தா என்ன ஆகும்னு தெரியும்ல?”

அவள் போனை வைத்துவிட்டாள். அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் பேசினாள், அம்மாவோடு சண்டையும் போட்டாள், அது அவர்கள் சொந்த விஷயம்.

இஸ்திரியம்மாவுக்கு ரொம்ப நாளாக ஒரு ஆசை. ரோலர் முன்னால் இருக்கிற மேசையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டால் ஆவி முகத்தில் அடிக்காது. கிலுகிலுப்பையிடம் கேட்டு, “மேசைக்கு என்ன குறைச்சல்?” என்று வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஒரு நாள் அவளும் மெஷின்காரரும் சேர்ந்து இழுத்தார்கள். அது தரையைக் கீறிக்கொண்டு போன சத்தம் தெருவுக்கே கேட்டது. மாடியில் அவர், “என்னத்தையோ நகத்துறாங்க! என்னத்தைன்னு போயிப் பாரு!” என்று துடித்துப் போனாராம்.

அவருக்குச் சத்தம்தான் கண். “ரெண்டாவது மெஷின் நின்னுருச்சு. இன்னும் தண்ணி வடியல, அதுக்குள்ள ஏன் தெறக்கறான்?” என்பார். “ரோலர் ஓடலியே, டீ குடிக்கறாங்களா?” என்பார். அண்ணி கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்து, “ஆமா, குடிக்கறாங்க” என்பாள். “நேரம் ஆகலியே!” “தாகம் ஆயிருச்சாம்.”

சாயங்காலமானால் வேன் கிளம்புகிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பார். நேரத்துக்குக் கிளம்பினால் கண்ணை மூடிக்கொள்வார். அது நிம்மதியா ஏமாற்றமா என்று அண்ணிக்கே பிடிபடவில்லை.

மழை விடாமல் பிடித்திருந்த ஒரு நாள் அந்த வினை வந்தது. ஹோட்டல் மேனேஜர் அண்ணிக்குப் போன் போட்டுக் குதித்தார். ரூம் பையன்கள் விரிப்பு மாற்றப் பிரித்தால் பாதிக்குப் பாதி ஆஸ்பத்திரி முத்திரை குத்திய பெட்ஷீட்டாம். ஒரு ரூமில் பார்க்காமல் விரித்தே விட்டார்களாம். தங்கின ஆள் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து முத்திரையைப் பார்த்துவிட்டு, தனக்கு என்ன ஆச்சு என்று வீட்டுக்குப் போன் போட்டு அழுதாராம்.

வேறு நாளாக இருந்தால் நானும் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். ஆனால் ஹோட்டலில் கிடக்கிற பெட்ஷீட் எல்லாம் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது. அது போகவில்லை என்றால் தவறிவிட்டது என்றுதான் அர்த்தம்.

அண்ணி கீழே இறங்கி வரும்போது முகம் வெளுத்திருந்தது. மெஷின்காரர் அவளுக்கு முன்னால் வந்து நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

“நான்தான் அண்ணி. ரெண்டு மூட்டையும் ஒண்ணா எறக்கி வச்சேன். வெள்ளைக்கு வெள்ளை தெரியல. எல்லாம் கலந்துபோச்சு.”

நான் கத்தரிக்கோலோடு என் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னேயெல்லாம் இப்படி ஒன்று நடந்தால் ஒவ்வொருத்தரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். ஒருத்தர் தானாக வந்து ஒப்புக்கொண்டதை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

“சரிண்ணே,” என்றாள் அண்ணி. “இப்ப என்ன பண்ணலாம்?”

அவர் அதற்குத் தயாராக இல்லை. திட்டு வாங்கத்தான் தயாராக இருந்தார். கண்ணைக் கொட்டி முழித்தார். அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். வேன்காரர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஏற்கெனவே வாசலில் இருந்தார். “நான் போயி எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு வந்துடறேன். மேனேஜரை என்கிட்ட விடுங்க, அவர் திட்டட்டும், எனக்கு ஒரு காது மந்தம்.” இஸ்திரியம்மா, “விரிச்சதை மட்டும் அலசினாப் போதும், மத்ததை ரோலர்ல ஒரு ஓட்டு ஓட்டலாம்” என்றாள். சின்னவள், “நான் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி கொஞ்சம் தாமதமாகும்னு இப்பவே சொல்லிடவா? கடைசியில சொன்னாத்தான் கோபப்படுவாங்க” என்றாள். அந்தப் போன்தான், அதே போன்.

யாரும் யாரையும் கேட்கவில்லை. வேன் போய் வந்தது. மெஷின்காரர், பூட்டு திறந்ததிலிருந்து முணுமுணுக்கிற பாட்டை நிறுத்திவிட்டு முழு வேகத்தில் வேலை பார்த்தார். அண்ணியும் மடித்தாள், கோணல்மாணலாக மடித்தாள், சின்னவள் அதை வாங்கித் திருத்தினாள். மழை கொஞ்சம் வெறித்த நேரத்தில் வேன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டது. சொன்ன நேரத்தைவிடச் சற்றுப் பிந்தித்தான். ஆனால் சின்னவள் போனில் சொல்லி வாங்கிய அவகாசத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் மத்தியானம் இஸ்திரியம்மா என் கடைக்கு வந்து வெட்டுத்துணி கேட்டாள். ஆஸ்பத்திரி மூட்டைக்கு ஒரு பச்சைத் துண்டு, ஹோட்டலுக்கு ஒரு மஞ்சள் துண்டு கட்டிவிட்டால் குழப்பம் வராது என்று அவர்களே பேசி முடிவு செய்திருந்தார்கள். நான் பழைய சட்டைத்துணியை நாடாவாகக் கிழித்து எடுத்துக்கொண்டு போனேன். டீ நேரம். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். மூட்டைகள் மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் பார்த்தேன். மாடிப்படி திரும்புகிற இடத்தில் ரெண்டு கால் தெரிந்தது. வீட்டுச் செருப்பு, பெருவிரல் பக்கம் பிய்ந்து நான் தைத்துக் கொடுத்தது. அண்ணி மருந்து வாங்கப் போயிருந்தாள். மனுஷன் சத்தமில்லாமல் இறங்கி வந்து படியில் உட்கார்ந்திருக்கிறார். நேற்று வேன் பிந்தியது அவர் காதுக்குத் தப்பியிருக்காது. மற்றவர்கள் எல்லாம் அந்தப் பக்கம் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். நான் சொல்லலாமா வேண்டாமா என்று டம்ளரை வாயில் வைத்துக்கொண்டு முழித்தேன்.

“நேத்து மட்டும் மொதலாளி கீழ இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?” என்றார் வேன்காரர்.

“நான் வாயத் தெறந்திருக்க மாட்டேன்,” என்றார் மெஷின்காரர். “ஆஸ்பத்திரிக்காரன்தான் எண்ணிக்கைய மாத்திட்டான்னு சாதிச்சிருப்பேன்.”

“அன்னிக்கு டைலரக்கா கடை சாத்தியிருந்தா மொதலாளி இப்ப சுவத்துல படமாத்தான் இருப்பாரு,” என்றார் வேன்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் அடங்கிவிட்டது. சின்னவள் கேட்டாள், “ஏன் இஸ்திரியம்மா, அன்னிக்கு நீங்கதானே அவர் பக்கத்துல நின்னீங்க. சாவிய எடுத்திருக்கலாம்ல?”

இஸ்திரியம்மா டீயை ஊதினாள். ஆறின டீதான், இருந்தாலும் ஊதினாள்.

“குனிஞ்சேன். கையக்கூட நீட்டிட்டேன். சாவியில கை வைக்கற நேரத்துல அவர் கண்ணு முழிச்சுட்டா? அரை மயக்கத்துல திருடின்னு கத்திட்டா? இந்தத் தெரு ஒரு தடவை என் பையப் பாத்தாச்சு. இன்னொரு தடவ என்னால தாங்க முடியாது. அப்படி நெனச்சேன். கை தானா பின்னால வந்துருச்சு.” டம்ளரைக் கீழே வைத்தாள். “ஒரு உசுரு போயிக்கிட்டு இருக்கு, நான் என் மானத்தை நெனச்சுக்கிட்டு நின்னிருக்கேன். அவர் போயிருந்தா அந்தப் பாவத்தை எங்க கொண்டு போயிக் கழுவறது? எத்தனை அழுக்குத் துணி வெளுத்து என்ன?”

“அப்படியெல்லாம் பேசாதீங்க,” என்றார் மெஷின்காரர். “என் மடியிலதான் தலை இருந்துச்சு. நானும்தான் எடுக்கல.”

அன்றைக்கு இவர்களைப் பார்த்து அப்படிக் கத்தினேனே என்று இருந்தது. படிப் பக்கம் பார்த்தேன். ஒரு கால் செருப்பைத் தேடித் துழாவியது. அப்புறம் ரெண்டு காலும் மெதுவாக, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று மேலே ஏறிப் போயின. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

“என்னமோ தெரியல டைலரு,” என்றாள் அண்ணி அன்று சாயங்காலம். “பேச்சே இல்ல. உப்பில்லன்னுகூடச் சொல்லல. எனக்குப் பயமாயிருக்கு.”

அவர் இறங்கி வருவதற்கு டாக்டர் சம்மதித்த நாளில் நான் தைத்து முடித்த துணிகளை இஸ்திரிக்குக் கொடுக்கப் போயிருந்தேன். திடீரென்று சின்னவள், “ஐயோ!” என்று துள்ளினாள். பின்னால் அவர் நின்றுகொண்டிருந்தார்.

“நான்தான்,” என்றார்.

“சத்தமே வரல மொதலாளி.”

அவர் கை தானாக இடுப்பைத் தடவிப் பார்த்தது. வேட்டை நாயைக் கண்ட பூனை மாதிரி ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கினார்கள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். திறந்து கிடக்கிற அலமாரி, பச்சைத் துண்டு கட்டின மூட்டை, கக்கூஸ் கதவு. தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே கிளிப்பும் பழைய பொத்தானும் போட்டு வைத்திருந்தார்கள். மூடினார்.

“மேசைய யாரு நகத்தினது?”

“நான்தான்,” என்றாள் இஸ்திரியம்மா. “ஆவி வெளிய போகட்டும்னு.”

மேசை ஓரத்தில் போய் நின்றார். ஜன்னலுக்கு நேரே முகத்தை வைத்துப் பார்த்தார். “காத்து வருது,” என்றார். அப்புறம் அவள் பக்கம் திரும்பினார்.

“அந்தத் துவாலை...”

எந்தத் துவாலை என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

“டிரையர்லதான் இருந்துச்சு,” என்றார்.

“தெரியும் மொதலாளி. நான்தானே அன்னிக்குத் தொடைச்சேன்.”

“உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பையத் தெருவுல வச்சுக் கொட்டினேன். கெடச்சதை மட்டும் உள்ளயே வச்சுக்கிட்டேன்.” அவருக்கு மூச்சு வாங்கியது. அண்ணி ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். அவர் உட்காரவில்லை. என்னைப் பார்த்தார். “டைலரம்மா, நீங்களும் கேட்டுக்குங்க. இவங்க எடுக்கல. தப்பு என்னோடது.”

எனக்கு அது எப்போதோ தெரியும். இருந்தாலும், “சரிண்ணே” என்றேன். இஸ்திரியம்மா ரோலரைப் பார்த்தபடி நின்றாள். அவள் தோள் ரெண்டும் குலுங்கின. மெஷின்காரர் போய் ரோலரை நிறுத்தினார்.

அவர் சட்டைப்பையில் கைவிட்டு ஒரு சாவியை எடுத்தார். ஒற்றைச் சாவி.

“இது மாடி வீட்டுச் சாவி. அவ வெளிய போயிருக்கறப்ப நான் மறுபடி விழுந்தா, கதவைத் தெறந்துக்கிட்டு வந்துடுங்க. தட்டிட்டு, கூப்பிட்டுட்டு, நான் பதில் சொல்லட்டும்னு நிக்காதீங்க. அலமாரியத் தெறக்கணுமா, தெறங்க. இடுப்புல கை வைக்கணுமா, வைம்மா. அந்த நேரத்துல நான் என்ன கத்தினாலும் கேக்காதீங்க.”

இஸ்திரியம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். அவள் பை பக்கத்திலேயே ஆணியில் தொங்கியது. அவள் கை அந்தப் பக்கம் போகவில்லை.

“என் பையில வேணாம் மொதலாளி.”

அவர் முகம் செத்துப்போய்விட்டது.

“ஐயோ, அதுக்கில்ல. நான் ஒரு நாள் வரலேன்னா என்ன பண்றது? எல்லாருக்கும் கை எட்டற எடத்துல இருக்கட்டும்.” சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் அதை மாட்டினாள். அதுக்கில்லை என்று அவள் சொன்னாள். அதுக்கும்தான் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கும் தோன்றியிருக்கும், தலையை ஆட்டினார்.

மெஷின்காரர் கையைக் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு முதலாளி படியேறினார். பாதிப் படியில் நின்று திரும்பி, “அந்த அடுக்குல மூணாவது பெட்ஷீட் கோணலா...” என்று ஆரம்பித்தார். அண்ணி ஒரு பார்வை பார்த்தாள். “சரி சரி. நீங்களே பாத்துக்குங்க,” என்றுவிட்டு ஏறினார்.

சில நாள் கழித்துக் காலையில் அண்ணி கையில் பெட்டியோடு என் கடைக்குள் வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். தலை படிய வாரியிருந்தாள்.

“அந்தக் கவுனைக் குடு டைலரு.”

“எங்க கெளம்பிட்டீங்க?”

“தங்கச்சி வீட்டுக்கு. ரெண்டு நாள் இருந்துட்டு வரேன்.”

கவுனை எடுத்து மடித்துக் கொடுத்தேன். எனக்கு மனசு கேட்கவில்லை. “அண்ணனை மாடியில தனியாவா விட்டுட்டுப் போறீங்க?”

அண்ணி பெட்டியைத் திறந்து கவுனை மேலாக வைத்தாள். எதிரே ரோலர் ஓடத் தொடங்கியிருந்தது. வேன்காரர் ஏதோ சொல்ல, உள்ளே எல்லாரும் சிரித்தார்கள். மாடி ஜன்னலில் அவர் தலை தெரிந்தது, நேரத்துக்கு முன்னால் யார் டீ குடிக்கிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

“தனியாவா?” என்றாள் அண்ணி. “கீழ அத்தனை பேர் இருக்காங்களே.”